பால் பத்தலையா? வேலூர்ப் பக்கம் பிள்ளை பெற்றவர்களிடம் பார்த்தது

கிராம சுகாதார செவிலியர், அணைக்கட்டு

"பால் பத்தல சிஸ்டர்" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பால் இருக்கிறது. பிள்ளை அழுகிறது, மார்பு முன்போல் கனக்கவில்லை, சாயங்காலம் அரை மணிக்கொரு தரம் கேட்கிறது. இந்த மூன்றை வைத்து வீட்டுப் பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்றும் சகஜம். சில வாரம் போனால் பிள்ளையின் தேவைக்கு ஏற்பச் சுரப்பு நிதானமாகி, மார்பு மெத்தென்று ஆகிவிடும்.

மூத்திரத்தையும் தராசையும் நம்புங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது துணி நனைய வேண்டும். பிறந்ததும் இறங்கும் எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பணும். அப்புறம் தினம் 20 முதல் 30 கிராம் ஏறணும். இறக்கம் 10 சதவீதத்தை நெருங்கினாலோ, பிள்ளை எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

உண்மையில் பாலைக் குறைப்பது "இன்னிக்கு ஒரு வேளை மட்டும்" என்று கொடுக்கிற பாட்டில். அந்த வேளை மார்பு காலியாகாது. தேங்கிய பாலே சுரப்பை மட்டுப்படுத்திவிடும். மறுநாள் நிஜமாகவே குறையும், இன்னொரு பாட்டில் வரும். தனியாகப் பால் கொடுத்தே ஆகணும் என்று டாக்டர் சொன்னால், முதலில் பீய்ச்சிய தாய்ப்பால், அதுவும் சங்கில். ஒரு வயது வரை பசும்பாலும் தேனும் வேண்டவே வேண்டாம்.

பாலூட்டல் ஆலோசகர், காட்பாடி

செவிலியர் சொன்னதோடு பிடியையும் பாருங்கள். பலர் குனிந்து மார்பைப் பிள்ளை வாயில் திணிக்கிறார்கள். முதுகு வலிக்கும், காம்பு புண்ணாகும், பால் இறங்காது. சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டுகிற மாதிரி அணையுங்கள். காம்பு அதன் மூக்குக்கு நேரே இருக்கட்டும். மேலுதட்டைத் தொட்டால் வாயை அகலத் திறக்கும்; அந்த நொடியில் தலையை அமுக்காமல் தோளைத் தாங்கி இழுத்துக்கொள்ளுங்கள். தாடை மார்பில் புதைந்து, கீழுதடு வெளியே மடங்கணும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக்கூடாது. வாயை எடுத்ததும் காம்பு சப்பையாக, வெளுத்து இருந்தால் பிடி சரியில்லை.

சப்புவது மெதுவானால் மார்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள், மறுபடி விழுங்கும். பிறகு அடுத்த பக்கம். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேர்த்து. பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம் என்பதால் "நீ தூங்கு, நான் பாட்டில் குடுக்கறேன்" என்கிற அன்பு எதிராக முடியும்.

பால் எடுக்கும் பம்ப் இருந்தால் தினம் ஒரு மணி நேரம்: 20 நிமிடம் எடுத்து, 10 விட்டு, 10 எடுத்து, 10 விட்டு, 10 எடுப்பது. சில நாள் தொடர்ந்தால்தான் தெரியும். பம்பில் வரும் அளவை வைத்துப் பாலை எடை போடாதீர்கள். பிள்ளை அதைவிட நன்றாக இழுக்கும்.

பத்தியம் பற்றி, குடியாத்தத்திலிருந்து

தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பச்சை உடம்புக்காரியைத் தாகத்தோடு வைப்பது இங்கே இன்னும் நடக்கிறது. வேலூர் வெயிலில் அது கொடுமை. தாகத்துக்குக் குடிக்கணும், ஆனால் மூச்சுமுட்டக் குடிப்பதால் பால் அதிகமாகிவிடாது. முதல் ஆறு மாதம் தினம் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு, பால்சுறாப் புட்டு எல்லாம் தாயின் உடம்பைத் தேற்றும். ஆனால் மார்பு காலியாகாமல் எந்தப் புட்டும் பாலை ஊறவைக்காது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயையும் ஒதுக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்தை அள்ளிப் போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும்.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் திரும்புகிறவர்களுக்கு

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பீய்ச்சினால்தான் சுரப்பு குறையாமல் இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவளைய ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டையும் சேருங்கள். தோலைத் தேய்க்காதீர்கள். பீய்ச்சிய பால் 25 டிகிரி வரை 4 மணி நேரம் தாங்கும், நம்ம ஊர் மே மாதம் அந்தக் கணக்கில் வராது. ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்திலேயே உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மறுபடியும் அணைக்கட்டு செவிலியர்

இத்தனையும் செய்தும் எடை ஏறாவிட்டால் தைராய்டு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, பிள்ளையின் நாக்குக்கட்டு (நாக்கு அடியில் ஒட்டி அசையாமல் இருப்பது), இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கூடும் என்று டாம்பெரிடோன் மாத்திரையை மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்காதீர்கள். இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, டாக்டர் எழுதினால் மட்டும்.