மூர்மான்ஸ்க் வழியில் கண்ட வடகடல் படை

சோவியத் காலத்தில் வடமேற்கு ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்துக்குச் சென்ற எந்த வெளிநாட்டு வணிகக் கப்பலும் அந்நாட்டுக் கடற்படையின் வடக்குப் பிரிவான வடகடல் படையின் வாசலைக் கடந்துதான் செல்ல வேண்டியிருந்தது. பேரண்ட்ஸ் கடலிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 57 கிலோமீட்டர் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கோலா விரிகுடாவின் வாயருகே, மேற்குக் கரையில், நீர்மூழ்கிகள் தங்கும் பொல்யார்னி இருக்கிறது. இன்னும் உள்ளே சென்றால் கிழக்குக் கரையில் படையின் தலைமையகமான செவெரோமோர்ஸ்க் வருகிறது. அதையும் தாண்டிய பிறகே பாரந்தூக்கிகளும் ரயில் பாதைகளும் நிறைந்த வணிகத் துறைமுகத்தைக் காணலாம். மேலை நாடுகள் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த போர்க்கப்பல்களை, உரக் கனிமம் ஏற்ற வந்த எங்களைப் போன்ற சரக்குக் கப்பல் பணியாளர்கள் மேல்தளத்தில் நின்று வெறும் கண்ணாலேயே பார்த்தோம்.

1988 முதல் 1990 வரை நான் வெளிநாட்டுக் கொடி தாங்கிய ஒரு மொத்தச் சரக்குக் கப்பலில் மூன்றாம் பொறியாளராகப் பணியாற்றினேன். கிபினி மலைகளில் வெட்டியெடுத்துச் செறிவூட்டிய அபடைட் என்னும் பாஸ்பேட் கனிமத்தை மூர்மான்ஸ்கில் ஏற்றி, மேற்கு ஐரோப்பாவின் உர ஆலைகளுக்குக் கொண்டு சேர்ப்பது எங்கள் கப்பலின் வழக்கமான ஓட்டமாக இருந்தது. உள்ளே செல்லும்போது சரக்கில்லாமல், கப்பல் சாயாதிருக்கத் தொட்டிகளில் நிரப்பும் நிலைநீரோடு மட்டும் செல்வதால் கப்பல் உயர்ந்து மிதக்கும். தளத்திலிருந்து இரு கரைகளும் நன்றாகத் தெரியும். ஆயினும் அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் இயந்திர அறையில்தான் இருந்தேன். நான் அதிகம் பார்த்ததெல்லாம் சரக்கேற்றித் திரும்பும்போது, பணி முறை முடிந்து மேலே வந்து நின்ற நேரங்களில்தான்.

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, 69 பாகை அட்சரேகையை ஒட்டி, இவ்வளவு பெரிய துறைமுகம் ஏன் அமைந்தது என்ற கேள்விக்கு விடை கடல்நீரில் இருக்கிறது. வட அட்லாண்டிக் நீரோட்டத்தின் வெதுவெதுப்பு இங்கு வரை எட்டுவதால் கோலா விரிகுடா குளிர்காலத்திலும் உறைவதில்லை. இதற்குத் தெற்கே உள்ள ஆர்க்காங்கெல்ஸ்கோ பல மாதங்கள் பனிக்கட்டிக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. முதல் உலகப்போரில் பால்டிக் கடலும் கருங்கடலும் அடைபட்டுப்போனபோது ரஷ்யப் பேரரசு அவசரமாக வடக்கே ரயில் பாதை அமைத்தது. அதன் முடிவிடத்தில் 1916-இல் தோன்றியதே இந்நகரம். இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் கப்பல் அணிகள் இங்கும் தளவாடங்களை இறக்கின. அதற்காக ஜெர்மானிய விமானங்கள் நகரின் மரவீடுகளை எரித்துத் தீர்த்தன. 1985-இல் நகருக்கு வீர நகரம் என்ற பட்டம் வழங்கப்பட்டது. துறைமுகத்துக்கு மேலே குன்றின்மேல் நிற்கும் போர்வீரர் சிலை பீடத்தோடு சேர்த்து 42 மீட்டருக்கு மேல் உயரமுள்ளது. உள்ளூர் மக்கள் அதை அல்யோஷா என்று செல்லமாக அழைப்பார்கள். விரிகுடாவில் வரும் எவர் கண்ணுக்கும் நகரத்தில் முதலில் படுவது அதுதான்.

கப்பல் கட்டுத்துறையை அடைந்ததும் எல்லைக் காவல் படையினர் ஏறுவார்கள். பச்சைப் பட்டையிட்ட தொப்பி அணிந்த இளைஞர்கள் அறை அறையாகச் சென்று, ஒவ்வொருவர் முகத்தையும் மாலுமிச் சான்றேட்டின் படத்தோடு நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வானொலி அறைக்கு முத்திரை வைக்கப்படும். எங்கள் புகைப்படக் கருவிகளும் தொலைநோக்கிகளும் ஓர் அறையில் வைத்துப் பூட்டப்படும். பிறகு கப்பல் புறப்படும் வரை ஏறுபடியின் அடியில் ஒரு காவலர் இரவு பகலாக நிற்பார். குளிர் கடுமையான ஓர் இரவில் எங்கள் சமையற்காரர் அப்படி நின்றவருக்குத் தேநீர் கொண்டுபோய் நீட்டினார். அந்தப் பையன், பதினெட்டு பத்தொன்பது வயதுதான் இருக்கும், நன்றியோடு தலையசைத்தானே தவிரக் குவளையைத் தொடவில்லை. பணி முறை மாறி அடுத்தவர் வந்த பிறகு அவனே ஏறுபடி அருகே வந்து நின்று அதை வாங்கிக் குடித்தான். அவர்களுடைய கண்டிப்பை நான் ஒருபோதும் வெறுத்ததில்லை.

வணிகத் துறைமுகத்தின் அமைப்பைப் பொறியாளன் என்ற முறையில் நான் மிகவும் மதித்தேன். தெற்கிலிருந்து வரும் ரயில் வண்டிகள் கட்டுத்துறை வரை நேரடியாக வந்து நிற்கும். தண்டவாளத்தின்மேல் நகரும் பெரிய பாரந்தூக்கிகள் நள்ளிரவிலும் ஓயாது. அவற்றை இயக்கியவர்களில் பெண்கள் பலர் இருந்தனர். அபடைட் மிக மெல்லிய சாம்பல் நிறப் பொடி. ஏற்றும்போது எழும் தூசி தளம், கயிறு, காற்றுக் குழாய் என எல்லாவற்றின்மீதும் படியும். அது இயந்திர அறைக்குள் இழுக்கப்படாதிருக்க நாங்கள் காற்றாடிகளின் வாய்களுக்குத் துணி கட்டி வைப்போம். கடல்மட்டம் ஏற்றவற்றத்தில் மூன்று நான்கு மீட்டர் வரை மாறுவதால் கட்டுக்கயிறுகளை யாராவது எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்றுத் தள்ளி மீன்பிடித் துறைமுகத்தில் இழுவலைக் கப்பல்கள் ஒன்றையொன்று அணைத்தபடி வரிசை வரிசையாக நின்றன.

நகரத்துக்குச் சற்று வடக்கே, அதே கரையில், அணுசக்திப் பனியுடைப்புக் கப்பல்களின் தளமான அத்தோம்ஃப்ளோத் இருக்கிறது. கறுப்பு உடலும் செம்மஞ்சள் மேற்கட்டும் கொண்ட அந்தக் கப்பல்களை மறைக்க யாரும் முயன்றதாகத் தெரியவில்லை. அவை அந்நாட்டின் பெருமையாகவே காட்டப்பட்டன. 1977 ஆகஸ்ட் 17 அன்று வடதுருவத்தை அடைந்த முதல் மேற்பரப்புக் கப்பல் என்ற புகழ்பெற்ற அர்க்தீக்கா 75,000 குதிரைத்திறன் கொண்டது. உலகின் முதல் அணுசக்திப் பனியுடைப்புக் கப்பலான லெனின் 1959-இல் பணிக்கு வந்து 1989-இல் ஓய்வு பெற்றது; அதற்குப் பின்னும் இந்தத் தளத்திலேயே பல ஆண்டுகள் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கப்பலில் முதலில் மூன்று அணு உலைகள் இருந்தன என்பதையும், 1960-களில் நேர்ந்த விபத்துகளுக்குப் பிறகு அவை அகற்றப்பட்டு இரண்டு புதிய உலைகள் பொருத்தப்பட்டன என்பதையும் நான் பின்னாளில்தான் அறிந்தேன்.

இனி செவெரோமோர்ஸ்க். 1951 வரை வாயெங்கா என்ற பெயரோடு இருந்த அந்த ஊருக்குள் சோவியத் குடிமக்களே அனுமதியின்றிச் செல்ல முடியாது. ஆனால் விரிகுடாவின் அகலம் அங்கே சில கிலோமீட்டர்தான் என்பதால், கோடைக்காலத்தில் சூரியன் மறையாத நாட்களில், எந்த நேரத்தில் கடந்தாலும் அங்கு நிற்பவை அனைத்தும் தெரியும். கரையின் சரிவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள், கீழே கட்டுத்துறைகளில் நாசகாரிக் கப்பல்கள், நடு நீரில் நங்கூரமிட்ட பெரும் கப்பல்கள். பின்புறத்தில் வெள்ளைத் துணியின் அடியில் நீலப் பட்டையும் சிவப்பு நட்சத்திரமும் அரிவாள் சுத்தியலும் கொண்ட கடற்படைக் கொடி. உதலோய் வகை நாசகாரிகளின் முன்பக்கத்தில் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் நான்கு நான்கு ஏவுகுழாய்களை யாரும் எளிதில் அடையாளம் காணலாம். 252 மீட்டர் நீளமுள்ள கீரோவ் வகை அணுசக்திப் பெரும் போர்க்கப்பலைக் கண்ட அன்று எங்கள் கப்பலில் பேச்சே நின்றுவிட்டது. துறைமுக வழிகாட்டியான பைலட் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், திசைகாட்டியையும் மிதவைகளையும் கவனித்தபடி ஒரே சீரான குரலில் சுக்கான் கட்டளைகளைக் கூறிக்கொண்டிருந்தார்.

1989 கோடையில் நான் கண்ட ஒரு கப்பலைப் பற்றி இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். கியெவ் வகை விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று நடு நீரில் நின்றது. முன்பக்கத்தில் ஏவுகணைக் குழாய்கள், இடப்பக்கமாகச் சாய்ந்து செல்லும் ஓடுதளம், வலப்பக்கத்தில் கோபுரம். அந்தக் கோபுரத்தின் பக்கங்களில் தட்டையான பெரிய ரேடார் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. அந்த வகையில் கட்டப்பட்ட நான்கு கப்பல்களில் கடைசியான பாக்கூவில் மட்டுமே அத்தகைய பலகைகள் உண்டு. கருங்கடலுக்கு அருகிலுள்ள நிக்கொலாயெவில் கட்டப்பட்டு 1987 டிசம்பரில் படையில் சேர்ந்த 273 மீட்டர் நீளக் கப்பல் அது.

நான் அதன் ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் நின்ற எங்கள் தலைமைப் பொறியாளர், இந்தியக் கடற்படையின் நீராவிக் கப்பல்களில் கொதிகலன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வணிகக் கப்பலுக்கு வந்த நாகப்பட்டினத்துக்காரர், "தம்பி, ஏவுகணையை விடு. புகைபோக்கியைப் பார். நங்கூரத்தில் சும்மா நிற்கிற கப்பலுக்கு எதற்கு இவ்வளவு புகை?" என்றார்.

"விளக்குக்கும் சூட்டுக்கும் ஆவி வேண்டும்தானே, சார்?" என்றேன்.

"வேண்டும். அதைக் கரை கொடுக்க வேண்டும். கரையிலிருந்து மின்சாரமும் ஆவியும் வந்தால் கொதிகலனை அணைத்துவிட்டுக் குழாய்களைத் துப்புரவு செய்யலாம், பழுது பார்க்கலாம். இந்தக் கப்பலுக்கு ஓய்வே இல்லை. கடலில் ஓடினாலும் தேய்கிறது, நின்றாலும் தேய்கிறது."

அந்த ஒரு பேச்சு நான் கடற்படைத் தளங்களைப் பார்க்கும் முறையையே மாற்றியது. அதற்குப் பிறகு விரிகுடாவைக் கடக்கும்போதெல்லாம் கப்பல்களைவிடக் கரையையே அதிகம் கவனித்தேன். செவெரோமோர்ஸ்கில் நடுத்தரக் கப்பல்களுக்குக் கட்டுத்துறைகள் இருந்தன. ஆனால் மிகப் பெரியவை நான் கடந்த வேளைகளில் பெரும்பாலும் நடு நீரிலேயே நின்றன. கீரோவ் வகைக் கப்பலில் அணு உலைகளோடு எண்ணெய் எரிக்கும் கொதிகலன்களும் உண்டு என்பதால் அதன் புகைபோக்கியிலிருந்தும் மெல்லிய புகை எழுவதைக் காணலாம். கியெவ் வகைக் கப்பல்களுக்கு ஆவியும் மின்சாரமும் தரக்கூடிய கட்டுத்துறைகள் வடக்கிலும் பசிபிக் கரையிலும் போதுமான அளவில் அமைக்கப்படாததால் அவற்றின் கொதிகலன்கள் ஆண்டு முழுவதும் எரிந்து விரைவில் ஆயுள் தீர்ந்தன என்பது சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு வெளிப்படையாகவே பேசப்பட்டது. முதல் மூன்று கப்பல்களும் 1993-இல் படையிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றில் நோவொரொஸ்ஸீஸ்க் 1982-இல்தான் சேர்ந்திருந்தது. கட்டி முடித்துப் பதினோரு ஆண்டுகளில் அவ்வளவு பெரிய கப்பலைக் கழித்துவிட நேர்ந்தது என்பதை நினைத்தால், அதைக் கட்டிய தொழிலாளர்களுக்காக எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கரை என்பது மின்சாரமும் ஆவியும் மட்டுமல்ல. 1984 மே மாதம் செவெரோமோர்ஸ்க் அருகிலிருந்த ஆயுதக் கிடங்கில் நேர்ந்த பெரும் வெடிப்பில் படையின் ஏவுகணை இருப்பில் பெரும்பகுதி அழிந்ததாக அக்காலத்தில் மேலைநாட்டு ஏடுகள் எழுதின. சோவியத் அரசு மௌனம் காத்தது. நாங்கள் சென்ற காலத்தில் அதன் சுவடு எதுவும் விரிகுடாவிலிருந்து தெரியவில்லை. துறைமுகத்தில் எவரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

குளிர்காலத்தில் காட்சி முற்றிலும் வேறு. டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலில் இரண்டொரு மணி நேரம் நீலநிற அரையொளி மட்டும் இருக்கும். காற்று உறைநிலைக்கு இருபது பாகை கீழே போனாலும் நீர் உறையாததால் அதன்மேல் அடர்ந்த பனிப்புகை எழுந்து விரிகுடா முழுவதையும் மூடிவிடும். அப்போது போர்க்கப்பல்கள் புகைக்கு மேலே நிற்கும் பாய்மரக் கம்ப விளக்குகளாக மட்டுமே தெரியும். எங்கள் தளத்தில் தீயணைப்புக் குழாய்களிலிருந்த நீரை முழுதும் வடித்துவிட்டு, கயிறு சுற்றும் உருளைப்பொறிகளின் எண்ணெய் இறுகாதிருக்க அவற்றை வெறுமனே சுழலவிட்டுக்கொண்டிருப்போம். சில நாட்களுக்கு இவ்வளவு பாடென்றால், ஆண்டுதோறும் அதே குளிரில் நங்கூரத்தில் கிடந்த அந்தக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் வேலை செய்த கட்டாயப் பணி இளைஞர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

பாக்கூவின் கதை அங்கே முடியவில்லை. 1990-இல் அதற்கு அட்மிரல் கொர்ஷ்கோவ் என்று பெயர் மாற்றினார்கள். 1994-இல் கொதிகலன் அறையில் விபத்து. 1996-இல் பணியிலிருந்து விலக்கம். 2004 ஜனவரியில் இந்தியா அதை வாங்க உடன்பாடு செய்தது. வெண்கடல் கரையிலுள்ள செவெரொத்வின்ஸ்கின் செவ்மாஷ் தளத்தில் ஏவுகணைக் குழாய்கள் அகற்றப்பட்டு, முன்பக்கத்தில் விமானங்கள் எழும்பும் மேடை அமைக்கப்பட்டு, கப்பல் 284 மீட்டராக நீண்டது. எட்டுக் கொதிகலன்களும் புதிதாக மாற்றப்பட்டு, பழைய கனத்த எண்ணெய்க்குப் பதில் டீசல் எரியும்படி செய்யப்பட்டன. 2012 செப்டம்பர் கடலோட்டச் சோதனையில் வெப்பக்காப்புச் செங்கற்கள் சிதைந்து எட்டில் ஏழு கொதிகலன்கள் செயலிழந்தன என்ற செய்தியைப் படித்தபோது, எங்கள் தலைமைப் பொறியாளர் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவை சீர்செய்யப்பட்ட பின், கப்பல் 2013 நவம்பர் 16 அன்று அதே செவெரொத்வின்ஸ்கில் விக்ரமாதித்யா என்ற பெயரில் நம் கடற்படையில் சேர்ந்தது. 2014 ஜனவரியில் கர்நாடகக் கரையிலுள்ள கார்வார் கடற்படைத் தளத்துக்கு வந்தடைந்தது.

செவெரொத்வின்ஸ்கில் அந்தக் கப்பலோடு பல குளிர்காலங்களைக் கழித்த நம் கடற்படைப் பொறியாளர்களும் மாலுமிகளும் இன்று ஓய்வு பெற்றிருப்பார்கள். அங்கே உறைபனிக் காலத்தில் கப்பலுக்குக் கரையிலிருந்து ஆவியும் மின்சாரமும் எப்படி வந்தன, பழைய கொதிகலன்களை வெளியே எடுத்தபோது அவற்றின் குழாய்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை அவர்களில் எவரேனும் எழுதினால் நான் மிகுந்த ஆவலோடு படிப்பேன்.