தமிழ் ஸ்லக்கில் கடைசிப் புள்ளி காணாமல் போகிறதே, ஏன்?

குடமுருட்டி:
டெல்டா வேளாண் செய்திகளுக்கான வேர்ட்பிரஸ் தளம். பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) 'போஸ்ட் நேம்' முறையில் இருக்கிறது; அதாவது முகவரியின் கடைசிப் பகுதியான ஸ்லக் தலைப்பிலிருந்தே உருவாகும். 'திருவாரூர் மாவட்டத்தில் சம்பா நடவு' என்று தலைப்பிட்டால் முகவரி 'திருவாரூர்-மாவட்டத்தில்' என்பதோடு நின்றுவிடுகிறது. அதே தொடக்கத்தோடு அடுத்த செய்தி போட்டால் 'திருவாரூர்-மாவட்டத்தில-2' என்று வருகிறது, 'ல்' மேல் புள்ளியே இல்லை. டேட்டாபேஸ் கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் அமைப்பை) மாற்றினால் சரியாகுமா? வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பரவிய இணைப்புகள் உடையக் கூடாது.

அரசலாறு:
கொலேஷனைத் தொடாதீர்கள் சார், கோளாறு அங்கே இல்லை. ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரு இடம் போதும். தமிழ்க் குறி ஒன்று 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் '%E0' என்பதுபோல் சதவீதக் குறியோடு 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். 'ல்' என்பது நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு ல ஒன்று, புள்ளி ஒன்று. மொத்தம் 22 குறிதான் கொள்ளும்.

திருவாரூர் 10, மாவட்டத்தில் 12. 198 ஆச்சு, நடுக்கோட்டோடு 199. அதற்குமேல் '-2' ஒட்ட இடமில்லாததால் கடைசிக் குறியை வெட்டிவிட்டு ஒட்டுகிறது. அந்தக் கடைசிக் குறிதான் உங்கள் புள்ளி. நாகப்பட்டினம் போட்டுப் பாருங்கள், முதல் செய்தியே 'மாவட்டத்த' என்று நிற்கும்.

டேட்டாபேஸில் ஸ்லக் நெடுவரிசையின் (column) அளவை 400 ஆக்கு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். 200 என்ற எண் ஸ்லக்கைச் சுத்தம் செய்யும் வேர்ட்பிரஸின் மூல நிரலுக்குள்ளேயே (கோர் ஃபங்ஷன்) எழுதப்பட்டிருக்கிறது.

வெட்டாறு:
தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, ஸ்லக்கை மட்டும் கையால் கொடுங்கள். எடிட்டரில் வலப்பக்கம் ஸ்லக் என்றோ யூஆர்எல் என்றோ இருக்கும்; பப்ளிஷ் அழுத்துவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். 'திருவாரூர் சம்பா நடவு' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் 23 இடம்தான் ஆகும். தமிழிலேயே வேண்டுமென்றால் வேறுபடுகிற சொல் முன்னால் வரட்டும். 'மேட்டூர் அணை நீர்மட்டம்' என்பதே 191 இடம், அதற்குப் பின்னால் 'இன்று' என்பதன் முதல் எழுத்துகூட நுழையாது. தினமும் அதே தலைப்பு என்றால் -2, -3 என்று வால் நீண்டுகொண்டே போகும். '12-06-2025-மேட்டூர்-அணை' என்று தேதியை முன்னே வைத்தால் 111 இடத்தில் முடிந்துவிடும்.

டேக், கேட்டகிரி ஸ்லக்குகளுக்கும் இதே 200தான்.

குடமுருட்டி:
புரிந்தது. பழைய ஸ்லக்குகளை எஸ்க்யூஎல்லில் (டேட்டாபேஸுக்கு நேரடிக் கட்டளை கொடுத்து) மொத்தமாக மாற்றிவிடலாமா?

அரசலாறு:
கூடாது. எடிட்டரிலோ குயிக் எடிட்டிலோ மாற்றினால்தான் வேர்ட்பிரஸ் பழைய ஸ்லக்கைப் போஸ்ட் மெட்டாவில் (பதிவோடு சேமிக்கும் கூடுதல் தகவலில்) குறித்துவைத்து, பழைய முகவரிக்கு வருகிறவர்களை 301 (நிரந்தரத் திருப்பல்) மூலம் புதியதற்கு அனுப்பும். நேராக டேபிளில் கைவைத்தால் அந்தக் குறிப்பு பதிவாகாது, வாட்ஸ்அப் இணைப்பெல்லாம் 404 (பக்கம் இல்லை). இந்த வசதியும் பதிவுகளுக்குத்தான், பக்கங்களுக்கு இல்லை. பக்கங்களுக்கு ரீடைரக்ட் ப்ளகின் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தத் திருப்பல் 404 வரும்போது மட்டும்தான் வேலை செய்யும். பழைய 'திருவாரூர்-மாவட்டத்தில்' முகவரியை விடுவித்த பிறகு, நாளைக்கு யாராவது ஸ்லக் கொடுக்காமல் ஒரு செய்தி போட்டால் அது அந்த முகவரியைப் பிடித்துக்கொள்ளும். நடவுச் செய்தியைத் தேடி வருகிறவருக்கு வேறெதுவோ திறக்கும். அதனால் முதலில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஸ்லக் கொடுக்கப் பழகட்டும், பழைய பதிவுகளில் அப்புறம் கைவைக்கலாம்.