உங்கள் கதாபாத்திரம் யாரைச் சந்தித்தபின் நம்பும்படி ஆனது?

பனையேறி ஒருவரை மையமாக வைத்துக் குறுநாவல் எழுதத் தொடங்கியபோது தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம் போயிருந்தேன். அங்கே சந்தித்த பனையேறி அண்ணாச்சியிடம் அவருடைய ஆசை, பயம் எதையும் விசாரிக்கவில்லை. நேற்று விடிந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். பாளையைச் சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும், இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். மாலையில் மறுபடி ஏற வேண்டும். சீவாமல் விட்டால் பாளை காய்ந்து ஊறுவது நின்றுபோகும் என்பதால் பருவம் முடியும்வரை அவருக்கு ஓய்வே கிடையாது.

"மகள் கல்யாணத்தன்றும் ஏறினீர்களா அண்ணாச்சி?"

"ஏறாமல்? இறங்கி வந்து குளித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிட்டேன்."

இதற்குப் பிறகு என் நாயகன் பொறுப்பானவன் என்று எங்கும் எழுத வேண்டியிருக்கவில்லை. அவனால் எங்கே போக முடியாது, யார் பேசிக்கொண்டிருந்தாலும் எந்த நேரத்தில் எழுந்துபோயே ஆக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. சண்டையும் சமாதானமும் ஒருமுறை ஏறி இறங்கி மறுமுறை ஏறுவதற்கு இடையில்தான் நடந்தாக வேண்டும்.

என்னை இன்னும் அசத்தியவர் அவருடைய மனைவி. கருப்பட்டிக்காக விடிலியில், அதாவது காய்ச்சும் குடிசையில், பதநீர் காய்ச்சுவது அந்த அம்மாதான். மணிக்கணக்காகக் கொதித்துப் பாகு இறுகும் கட்டத்தில் கண்ணை எடுக்கமாட்டார். பிந்தினால் கருகும், முந்தினால் சிரட்டையில் ஊற்றியது கட்டியாகாது. ஊரார் முன்னால் மனைவியை அதட்டுகிற அண்ணாச்சி, அந்த நேரத்தில் வாயே திறப்பதில்லை. பதம் வந்துவிட்டது என்று அந்த அம்மா சொல்லும்வரை சிரட்டைகளைத் தொடுவதுமில்லை. இதைப் பார்த்த பிறகு அதிகாரக் கணவன், அடங்கிய மனைவி என்ற வார்ப்பில் ஒரு வரிகூட எழுத மனம் வரவில்லை. கதாபாத்திரத்தின் உயரம், நிறம், பிடித்த உணவு என்று படிவம் நிரப்பச் சொல்லும் எழுத்துப் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை போனதும் இதனால்தான்.

அடுத்த பகிர்வு

மேலே உள்ளதைப் படித்ததும் எனக்கு ஒரு லாரி ஓட்டுநரின் நினைவு வந்தது. வண்டி எங்கே நின்றாலும், டீ குடிப்பதற்கு முன் இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வருவார். காற்று குறைந்த டயரின் சத்தம் மந்தமாக இருக்கும். மகன் படிப்பை நிறுத்திவிட்டதை என்னிடம் சொன்னபோதும் அந்தத் தட்டல் நிற்கவில்லை, குரல் மட்டும் இறங்கியது. என் கதையில் அவர் அழ வேண்டிய இடத்தில் அதையே வைத்தேன்.

எழுதப்போவதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். கதையில் வருவது தான்தான் என்று மகனுக்குத் தெரியக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. மகனை மகளாக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் மகள் படிப்பை நிறுத்தினால் அந்த வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம், மகன் நிறுத்தினால் கிளீனராக வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். கதை வேறு பாதையில் போய்விடும். கடைசியில் அவர் எடுத்து வளர்த்த அக்கா மகனாக எழுதினேன். தாய்மாமன் என்ற உரிமையும், அப்பா இல்லையே என்ற தயக்கமும் அவருடைய பேச்சில் சேர்ந்தே வந்தன.