கழுத்து டிஸ்க்: முன்பக்கமா, பின்பக்கமா?

பெரியப்பா: எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்துவிட்டது. கழுத்தில் சி6, சி7 எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி இடது பக்க நரம்பை அழுத்துகிறதாம். சாவித்துளை ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர்.

சித்தி: ஐயோ, கழுத்திலா! அவசரப்படாதீர்கள் அத்தான். மாத்திரையும் பிசியோவும் போதும் என்கிறார்களே.

மலர்: நிறைய பேருக்குப் போதும்தான் சித்தி. 6 முதல் 12 வாரத்தில் வலி தணிந்துவிடும். பிதுங்கிய துண்டை உடம்பே கரைத்துவிடுவதும் உண்டு. பெரியப்பா, வலி இருக்கட்டும், கையில் பலம் எப்படி?

பெரியப்பா: நடுவிரல் மரத்தே கிடக்கிறதம்மா. இடது கையை ஊன்றி எழுந்தால் முழங்கை மடங்கிவிடுகிறது. பிசியோ எல்லாம் பார்த்தாயிற்று, பலம் இறங்கிக்கொண்டேதான் வருகிறது.

மலர்: அப்படியானால் டாக்டர் சொல்வது சரி. முழங்கையை நீட்டும் தசைக்கு முக்கியமாகப் போவது சி7 நரம்பு. அந்த டிஸ்க் அழுத்துவதும் அதைத்தான். வலி மட்டும் என்றால் காத்திருக்கலாம், பலம் குறைந்துகொண்டே போனால் கூடாது.

அண்ணன்: சாவித்துளை என்றால் தொண்டைப் பக்கமா, பிடரிப் பக்கமா?

மலர்: பெரும்பாலும் பிடரி. சுமார் 2 செ.மீ. கீறல். தசையை வெட்டாமல் விலக்கிக் குழாயைச் செருகி, நரம்பு வெளியே வரும் துவாரத்தில் எலும்பைக் கொஞ்சம் சுரண்டித் துண்டை எடுப்பார்கள். பிளேட், ஸ்க்ரூ கிடையாது.

சித்தி: அப்போ எல்லோருக்கும் இதையே செய்யலாமே?

மலர்: டிஸ்க் ஓரமாகப் பிதுங்கியிருந்தால்தான் சித்தி. நடுவில் என்றால் வழியில் தண்டுவடம் நிற்கிறது. இடுப்பில் நரம்பை லேசாக ஒதுக்கிவிட்டு வேலை பார்க்கலாம், கழுத்தில் தண்டுவடத்தைத் தள்ளவே கூடாது. அப்போது தொண்டைப் பக்கமாகப் போய் டிஸ்க்கை எடுத்து, இரண்டு எலும்பையும் சேர்த்துவிடுவார்கள். இல்லையென்றால் செயற்கை டிஸ்க் வைப்பார்கள். சேர்க்கிற முறை 1950களிலிருந்தே இருக்கிறது. கொஞ்ச நாள் விழுங்கக் கஷ்டமாக இருக்கும், குரல் கம்மலாம்.

பெரியப்பா: எனக்கு ஓரம் என்றுதான் எழுதியிருக்கிறது.

சித்தி: இந்த வீடியோவைப் பாருங்கள் அத்தான். கழுத்தை ஒரே சொடுக்கு, டிஸ்க் உள்ளே போய்விடுகிறது!

மலர்: சித்தி, தயவுசெய்து அழித்துவிடுங்கள். நரம்பு அழுந்தியிருக்கிற கழுத்தை யாரும் சொடுக்கக் கூடாது.

அண்ணன்: பெரியப்பா, அதை முயன்று பார்க்கவில்லையே?

பெரியப்பா: இல்லையடா.

மலர்: தண்டுவடமும் அழுந்துகிறதா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள் பெரியப்பா. நடை தடுமாறினாலோ, சட்டைப் பொத்தான் போட வராவிட்டாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பெரியப்பா: சரிம்மா. திங்கட்கிழமை போகிறேன்.

அண்ணன்: நான் வண்டி எடுத்து வருகிறேன். அந்தக் கையோடு நீங்கள் ஓட்ட வேண்டாம்.