மறு: மென்பொருள் பாதுகாப்பில் ‘எம்பார்கோ’வுக்கு (embargo) கலைச்சொல்

> ‘வெளியீட்டுத் தடை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. அகராதியிலும் தடை என்றுதானே இருக்கிறது?

ஐயா, அகராதி சொல்வது கப்பலுக்கும் சரக்குக்கும் அரசு போடும் தடை. மென்பொருளில் யாரும் யாருக்கும் தடை போடுவதில்லை. நிரலில் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டவரும் அந்த நிரலைப் பராமரிப்பவரும் பேசி வைத்துக்கொள்வது இது. இன்ன தேதிவரை வாய் திறப்பதில்லை, அதற்குள் திருத்தம் வந்துவிட வேண்டும்.

டிஎன்எஸ்மாஸ்க்கையே பாருங்கள். இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும், பெரும்பாலும் சைமன் கெல்லி என்ற ஒருவர் கையில் வளர்ந்த சின்ன நிரல். ஆனால் எத்தனையோ வீட்டு ரவுட்டர்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஜேஎஸ்ஓஎஃப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார் அதில் 7 ஓட்டைகளைக் கண்டு 2020 ஆகஸ்டில் தெரிவித்தார்கள். ஊருக்குத் தெரிந்தது 2021 ஜனவரி 19-இல். திருத்தம் 2.83 பதிப்பில் வந்தது. ஏன் அத்தனை மாதம்? கெல்லி மட்டும் திருத்தினால் போதாது. ரவுட்டர் தயாரிப்பவர்களும் லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் வழங்கல்காரர்களும் தத்தம் பதிப்பில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்பே திருத்தத்தை எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால், பழைய வரியையும் புது வரியையும் ஒப்பிட்டே ஓட்டை எங்கே என்று தாக்க நினைப்பவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

> அப்படியானால் ‘கமுக்கக் கெடு’?

கெடு சரி. தேதி அதிலேயே வந்துவிடுகிறது. லினக்ஸ் வழங்கல்களின் மூடிய மடற்குழுவில் அதிகபட்சம் 14 நாள் கெடு, கூகுளின் ஓட்டை தேடும் குழுவான புராஜெக்ட் ஜீரோவில் 90 நாள் கெடு என்று தடங்கலில்லாமல் சொல்ல வருகிறது. கெடுவை நீட்டிக் கேட்டார், கெடுவுக்கு முன்பே கசிந்துவிட்டது என்றும் எழுதலாம். கெட்டுப்போவது என்று குழம்புவார்கள் என்ற பயம் வேண்டாம், கடன்காரர் கெடு வைத்தால் யாரும் குழம்புவதில்லை.

இடிப்பது கமுக்கம்தான். கெடுவே ரகசியம் என்று பொருள்பட்டுவிடும். 2023-இல், இணையம் வழியாகத் தரவை அனுப்பிப் பெறும் கருவியான கர்ல் என்ன செய்தது? அக்டோபர் 11-இல் மோசமான ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வருகிறது என்று சில நாள் முன்பே அறிவித்தார்கள். ஓட்டை இருப்பது சாக்ஸ்5 (இடைக் கணினி வழியாக இணையும் முறை) பகுதியில் என்பதை மட்டும் அன்றுவரை வெளியே விடவில்லை. தேதி வெளிப்படை, விவரம்தான் மூடல்.

ஆகவே என் வாக்கு ‘மௌனக் கெடு’வுக்கு. கெடு மௌனமாக இருக்க முடியாது, ஆட்கள்தான் இருக்க முடியும், பொருள் மாறிப்போகாது. வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், மௌன விரதம் தெரியாத தமிழர் யார்?

வழிகாட்டியில் இப்படி வரும்: “ஓட்டையைக் கண்டால் பொதுப் பிழைப்பட்டியலில் பதியாதீர்கள், தனிமடல் அனுப்புங்கள். மௌனக் கெடு 90 நாள். திருத்தம் முன்பே வந்தால் கெடுவும் அன்றே முடியும்.”

மறுப்பு இருந்தால் விக்சனரியில் ஏற்றுமுன் சொல்லிவிடுங்கள்.