மேஸில (காலுறையில) ஒட்டிக்கொண்டு வந்த ஈட்டிப்புல் விதை, இது எந்த வகை?

வெள்ளவத்தை_தம்பி:
போன மாசம் மெல்பேர்னில அக்காட்ட போயிற்று வந்தனான், மேற்குப்பக்கம் ஒரு புல்வெளிக்குள்ள நல்லா நடந்தனாங்கள். இஞ்ச வந்து மேஸ் தோய்க்கேக்க விரல்ல குத்திச்சுது, பார்த்தா நாலு விதை. 6 மில்லிமீற்றர் வரும், அடியில ஊசி மாதிரி கூர், அதில வெள்ளை மயிர் மேல்பக்கமா சரிஞ்சு நிக்குது, அதால துணிக்குள்ள போகுமே தவிர திரும்பி வராது. மேல ஒரே ஒரு வால், 5 சென்ரிமீற்றர், கீழ்ப்பாதி கயிறு மாதிரி முறுக்கு, நுனி அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கு. அக்கா அது அங்கத்தைய சொந்தப் புல் எண்டுறா, பக்கத்து வீட்டுக்காரர் களை எண்டுறாராம். ஆர் சொல்றது சரி?

புல்லுக்கட்டு:
ரெண்டுமே இருக்கலாம் தம்பி. அவுஸ்திரேலிய ஈட்டிப்புல் ஒஸ்ட்ரோஸ்டீபா எண்ட பேரினம், முந்தி ஸ்டீபா எண்ட புல் பேரினத்துக்குள்ள இருந்ததை 1996இல பிரிச்சவை. அதே மாதிரி விதையோட அங்க பரவினது தென்னமெரிக்காவில இருந்து வந்த சிலி ஊசிப்புல், நசெல்லா நீசியானா. அது பொல்லாத களை, தண்டடியில ஒளிச்சும் விதை வைக்கும், மேல வெட்டிப்போட்டா முடிஞ்சுதெண்டு நினைக்கேலாது. வாலும் விதையும் சேருற இடத்தை லென்ஸால பாருங்கோ. சின்னப் பல்லு வைச்ச கிரீடம் மாதிரி வளையம் இருந்தா நசெல்லா.

மலையகத்துப்பிள்ளை:
எங்கட நாட்டிலயும் இருக்கிற ஊசிப்புல், ஹெட்டரோபோகன், அதுவா இருக்காதா? குவீன்ஸ்லாந்திலயும் நிறைய இருக்கு.

புல்லுக்கட்டு:
இல்லையம்மா, அதில கதிர் முழுக்க இருக்கிற வாலெல்லாம் கறுப்பா ஒண்டோட ஒண்டு பின்னிக்கொண்டு நிக்கும், இவர் சொல்றது வேற.

வெள்ளவத்தை_தம்பி:
அண்ணா பார்த்திட்டன், வளையம் இல்லை, வழவழெண்டுதான் இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி விட்டன், வால் மெல்ல மெல்ல முறுக்கவிழ்ந்து சுத்துது, காயக் காயத் திரும்பவும் முறுக்குது! இப்பிடித்தான் மண்ணுக்குள்ள தன்னைத்தானே திருகிக்கொண்டு போகுமாக்கும்.

புல்லுக்கட்டு:
அதேதான். அப்ப ஒஸ்ட்ரோஸ்டீபாதான், அக்கா சொன்னது சரி. அரிவாள் வாலைப் பார்த்தா அதில ஸ்காப்ரா எண்ட இனம் எண்டு நினைக்கிறன், ஆனா நோடோசா எண்ட இனத்துக்கும் அப்பிடித்தான் வரும், விதையை மட்டும் வைச்சு முடிவு சொல்லேலாது. பூங்கொத்து, இலை, கணு மூண்டையும் கிட்டவா படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. நாலு விதையையும் எரிச்சுப் போடுங்கோ தம்பி, நட்டுப் பார்ப்பம் எண்டு சட்டியில போட்டிடாதேங்கோ, வெளிநாட்டு விதையை அனுமதியில்லாமல் இஞ்ச வைச்சிருக்கப்படாது. சப்பாத்து லேஸுக்குள்ளயும் ஒருக்காப் பாருங்கோ.