உதவி: கொடுத்த மந்திர உளியைப் பிடுங்காமல் அடக்குவது எப்படி?

உளிக்காரன்:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலு பேர், சனிக்கிழமை இரவு மாமா கடை அஞ்சடியில் (கடை முன் நடைபாதை) மேசை போட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு, 2014 விதிகள்) ஆடுகிறோம். கதை நடத்துவது நான். பேய் பிடித்த ஒரு ரப்பர் தோட்டம்தான் களம்.

போன மாதம் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உளி இன்னும் எங்கள் சமையல்கட்டு ஆணியில் தொங்குகிறது. நுனி மடிந்திருக்கும், பிடி பாட்டி கைக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். அதைப் பார்த்த ஆசையில், போர்வீரனாக ஆடும் சித்தப்பா மகனுக்கு ஒரு மந்திர உளியைக் கொடுத்தேன். நீளவாள் கணக்கு (1டி8, அதாவது எட்டுப் பக்கப் பகடை ஒன்று), பிளஸ் 3 (அடி படுவதற்கும் சேதத்துக்கும் 3 கூடும்), பட்ட அடிக்கெல்லாம் கூடவே 2டி6 (ஆறு பக்கப் பகடை இரண்டு) நெருப்பு. அதற்கப்புறம் எந்தப் பேயும் இரண்டு சுற்று தாங்கவில்லை. மந்திரவாதியாக ஆடும் தங்கச்சி போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திருப்பி வாங்கினால் தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். என்ன செய்யலாம்?

பெரட்டுக்களம்:
எத்தனையாவது லெவல்? பலம் எவ்வளவு?

உளிக்காரன்:
லெவல் 5, பலம் 18.

கொசுவத்தி:
பேய்களின் உயிர்ப் புள்ளியை இரண்டு மடங்காக்குங்கள், முடிந்தது வேலை.

பெரட்டுக்களம்:
அப்படிச் செய்தால் மற்ற இருவர் அடிப்பதும் கொசுக்கடியாகிவிடும். கணக்கைப் பாருங்கள். எதிரியின் கவசம் 15 என்று வைப்போம். சாதா நீளவாளோடு பிளஸ் 7: டி20 (இருபது பக்கப் பகடை) எண்ணோடு 7 கூட்டி 15-ஐ எட்ட வேண்டும், அதாவது 65% படும். ஓர் அடிக்குச் சராசரி 8.5, சுற்றுக்கு இரண்டு அடி, ஆக 11 சேதம். உங்கள் உளியில் 80% படும், அடிக்கு 18.5. சுற்றுக்கு 29.6! தங்கச்சியின் நெருப்புக்கோளம் 8டி6, சராசரி 28. அதையும் லெவல் 5-இல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் போட முடியும். தம்பி அதைச் சுற்றுக்குச் சுற்று சும்மா செய்கிறான். போனை நோண்டாமல் அவள் வேறு என்ன செய்வாள்?

இந்தப் பதிப்பில் ஒரு பிளஸ் என்பது டி20-இல் 5%. பிளஸ் 3 எல்லாம் உயர்ந்த லெவல்களுக்கு உரியது. பிளஸ் 1 போதும்.

மங்குக்காரி:
அண்ணே, எண்ணைக் குறைத்தால் தண்டனை மாதிரி இருக்கும். பால்வெட்டுக் கணக்கையே உளிக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். மழை என்றால் வேலையே இல்லை. ஆகவே உளியோடு ஒரு மங்கு (ரப்பர் பால் வடியும் கிண்ணம்) கட்டுங்கள். மங்கில் மூன்று நெருப்பு. அடி பட்ட பிறகு, வேண்டுமென்றால் ஒன்றைச் செலவழித்து 2டி6 சேர்க்கலாம். விடியலில் மங்கு நிரம்பும், மழை பெய்தால் நிரம்பாது. விதிநூலில் பல மந்திரப் பொருள்களும் விடியலில்தான் நிரம்புகின்றன, புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

பெரட்டுக்களம்:
இது நல்ல யோசனை. பிளஸ் 1 மட்டும் என்றால் சுற்றுக்கு 13.3. நாளுக்கு மூன்று தடவை சராசரி 7 கூடும். ஆனால் சனிக்கிழமைக்கு முன்பே தம்பியிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னால் சண்டைதான்.

உளிக்காரன்:
சொன்னேன். பாட்டி உளியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னதால் கோபப்படவில்லை. நேற்று ஆட்டத்தில் கடைசி நெருப்பை எப்போது செலவழிப்பது என்று தங்கச்சியிடம் யோசனை கேட்டான், அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். இப்போது புதுப் பிரச்சினை. தோட்டத்தில் மழைக்கு மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கட்டுவார்களாம், உளி மங்குக்கும் ஒன்று கட்டப் போகிறானாம். விடலாமா?

மங்குக்காரி:
விடுங்கள், ஆனால் பிளாஸ்டிக்கை அவனே தேடிக் கொண்டுவரட்டும். பேய்த் தோட்டத்து ஸ்டோரில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.